எடின்பரோ துரையின் கோட்டு

மற்ற ஊர்த் தேர்களைப் போல எங்கள் கொத்தலங்குறிச்சி மாரியம்மன் தேர் வடம் பிடித்ததும் நகர்ந்துவிடாது. முதலில் எடின்பரோ கோமகன் வர வேண்டும். அவர் வரமாட்டார் என்பது ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அவரை மூன்று முறை மைக்கில் அழைத்து, அவர் வராததை ஊரறிய உறுதி செய்துகொண்டு, அவருடைய கோட்டுக்குப் பரிவட்டம் கட்டிய பிறகுதான் தேர் அசையும். செந்துறைக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவில், முந்திரிக்காட்டு ஓரம் கிடக்கும் எங்கள் ஊருக்கு லண்டன் ராஜகுடும்பத்தோடு இருக்கும் சம்பந்தம் இவ்வளவுதான். இதுவே தாங்கலை என்பார் உத்திராபதி. அந்தக் கோட்டுக்குள் நிற்பவர் அவர்.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் வடக்குக் கரை, தெற்குக் கரை என்று இரண்டு பங்காளிக் கூட்டம். கோயில் இரண்டு பேருக்கும் பொது. முதல் பரிவட்டம் மட்டும் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொந்தம். ஒரு தலையில் கட்டினால் இன்னொரு தலை உடையும். இப்படித் தேர் கொட்டகையிலேயே கிடந்து கரையான் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 1870இல், விக்டோரியா ராணியின் இரண்டாவது மகன் சென்னைக்கு வந்தார். எடின்பரோ கோமகன் என்பது அம்மா மகனுக்குக் கொடுத்த பட்டம். பட்டத்தோடு அந்த ஊரில் ஒரு குழி நிலம்கூட வராது என்பது வேறு விஷயம். எங்கள் ஜமீன்தார் சென்னை வரைக்கும் போய், கூட்டத்தில் முண்டியடித்து, துரையின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வந்த வேகத்தில், முதல் பரிவட்டம் இனி எடின்பரோ துரைக்கே என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு கரையும் அன்றைக்கே கைகோத்துக்கொண்டன. கடல் தாண்டி இருக்கும் வெள்ளைக்காரன் பெரியவனாக இருந்துவிட்டுப் போகட்டும், பக்கத்துத் தெருக்காரன் ஆகிவிடக் கூடாது. இந்த ஒரு கொள்கையில் எங்கள் ஊரில் இன்றுவரை பிளவு கிடையாது.

துரை வரமாட்டார் என்பதால் அவருக்குப் பதிலாக ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டும் ஒரு தொப்பியும் தருவித்தார்கள். கோட்டு தானாக நிற்காது, உள்ளே ஓர் ஆள் வேண்டும். துரைக்காக நிற்பவன் துரைக்கு வேலைக்காரன் ஆகிவிடுவானே என்று இரண்டு கரையும் பின்வாங்கின. ஆகவே ஜமீன் பண்ணையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த உத்திராபதியின் முன்னோர் ஒருவரைக் காலனித் தெருவிலிருந்து அழைத்துவந்து உள்ளே நிறுத்தினார்கள். அவர் தலையைத் தொட்டுப் பரிவட்டம் கட்ட மாட்டார்கள் என்பதால், தொப்பியைக் கழற்றித் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அதற்குக் கட்டினார்கள். சந்தனத்தைக் கோட்டுப் பொத்தானில் பூசினார்கள். உடைத்த தேங்காயின் இரண்டு மூடியையும் கோட்டுப் பைகளில் வைத்தார்கள். பிறகு கரைக்கு ஒரு மூடி என்று அந்தப் பைகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். காப்புக் கயிற்றைக்கூட ஆளின் கையில் கட்டவில்லை, கோட்டின் கையில்தான் கட்டினார்கள். காப்புக் கட்டினால் தேர் நிலைக்கு வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது விதி. கோட்டு எங்கே தாண்டப் போகிறது, தாண்டக் கூடாதது உள்ளே இருக்கும் ஆள்தான். ஆக மரியாதை கோட்டுக்கு, விரதம் ஆளுக்கு. தேர் நடப்பது வைகாசி வெயிலில் என்பதால் வேர்வையும் ஆளுக்குத்தான்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கோட்டு மக்கிப்போய், திருச்சியில் புதுக் கோட்டு தைத்து, அதுவும் பழசாகிவிட்டது. ஆள் மட்டும் அதே வீட்டு ஆள். உத்திராபதி இன்றைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறார். மகள் சத்யப்பிரியாவை நர்ஸுக்குப் படிக்கவைத்தார், அவள் அரியலூரில் வேலையும் பார்க்கிறாள். ஆனாலும் வைகாசி பிறந்தால் அவர் பெயர் கோட்டு. "கோட்டு வந்துட்டானா?" "கோட்டக் கூப்புடு" என்பார்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்கு மட்டும் தெரியும்.

விழாக் குழுச் செயலாளர் பரணிதரன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோமகன் பட்டத்தின் வரலாறு முழுக்க அவருக்குத் தலைகீழ்ப் பாடம். லண்டனில் யாருக்கு என்ன ஆனாலும் அது உத்திராபதி தலையில் வந்து விடிவதற்கு அவர்தான் பொறுப்பு. சென்னைக்கு வந்த அந்தத் துரை 1900இல் இறந்தார். அவருடைய ஒரே மகனும் முன்பே போய்விட்டதால் பட்டம் வாரிசு இல்லாமல் அற்றுப்போனது. பட்டம்தானே போயிற்று, கோட்டு கிழியவில்லையே என்று அன்றைய குழு முடிவெடுத்து, இல்லாத துரைக்குப் பரிவட்டம் கட்டிக்கொண்டே இருந்தது. 1947இல் நாடு வெள்ளைக்காரனை அனுப்பிவைத்தது. அந்த வருஷக் கடைசியில் லண்டனில் இளவரசியைக் கட்டிய மாப்பிள்ளைக்கு அதே பட்டத்தைப் புதிதாகக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் சுதந்திரத்துக்கு மிட்டாய் கொடுத்தார்களாம், துரை திரும்பக் கிடைத்ததற்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்களாம்.

2021இல் அந்த மாப்பிள்ளைத் துரையும் காலமானார். பரணிதரன் ஊருக்குத் தீட்டு அறிவித்தார். பங்காளி யாராவது மொட்டை போட வேண்டுமே என்று குழு கவலைப்பட்டது. துரையின் பங்காளிகள் எல்லோரும் தூரத்தில் இருந்ததால் உத்திராபதி போட்டுக்கொண்டார். பட்டம் துரையின் மூத்த மகனுக்குப் போனது. அடுத்த வருஷமே அவர் ராஜாவானார். ராஜாவானால் அந்தப் பட்டம் கிரீடத்துக்குள் கரைந்துவிடுமாம். அப்படியென்றால் நம் கோட்டுக்கும் பதவி உயர்வு என்று சொல்லி, கழுத்துப்பட்டையைச் சுற்றி ஜரிகை தைத்தார்கள். மறு தேர் வருவதற்குள் ராஜா அந்தப் பட்டத்தைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார், அதுவும் அவர் ஆயுசுக்கு மட்டும். இந்தச் சங்கதி காப்புக் கட்டிய பிறகுதான் பரணிதரனுக்கு எட்டியது. காப்போடு கோட்டைக் கழற்றிக் கொடுக்கக் கூடாது. எனவே உத்திராபதியை நிற்கவைத்து, அவர் கழுத்தோரம் பிளேடு போட்டு ஜரிகையைப் பிரித்தார்கள்.

இந்த வருஷம் சத்யப்பிரியாவின் கல்யாணத்தில் சிக்கல் வந்தது. மாப்பிள்ளை அறிவரசன் தா.பழூர்க்காரர், கப்பலில் வேலை. அவருடைய லீவு முடிவதற்குள் அரியலூர் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணத்தை முடிப்பதாக இரண்டு வீட்டிலும் பேசியிருந்தார்கள். ஆபீஸில் கொடுத்த தேதி தேர் நாளாகப் போய்விட்டது. தள்ளிப் போட்டால் மாப்பிள்ளை நடுக்கடலில் இருப்பார்.

"நான் பொறந்தப்ப நீ எங்கப்பா இருந்த?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

"கோட்டுல."

"நர்ஸிங் காலேஜ்ல நாங்க வெளக்கு ஏத்துனப்ப?"

"அதுவும் வைகாசியில வந்து தொலஞ்சிச்சும்மா."

"எல்லாரு வூட்டுலயும் அப்பா அம்மா ஒக்காந்திருந்தாங்க. எனக்கு மட்டும் ஒரு சேரு காலியா கெடந்துச்சு. கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் குடுக்கவும் நீ வரலன்னா, இனிமே எனக்கு நீ எதுக்கும் வர வேணாம்."

அவர் மனைவி அம்சவள்ளி சமாதானம் சொல்வாள் என்று பார்த்தார். "அவ கேக்குறதுல என்ன தப்பு இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். உத்திராபதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் பார்க்கக் கூடாது என்று, லாரி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வெளியே போனார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"போன்ல பாத்தேம்பா. புதுத் தொரைக்கு அந்தப் பட்டம் ஆயுசுக்கு மட்டுந்தானாம், பரம்பரை கெடையாதாம். அவருக்கே பரம்பரை இல்லன்னா ஒனக்கு என்ன பரம்பரை? போய்க் கேளு."

கேட்கப் போனார். கோயில் மண்டபத்தில் குழு கூடியிருந்தது. வடக்குக் கரைப் பெரியவர் ஆண்டவர் ஒரு தூணிலும், தெற்குக் கரைப் பெரியவர் சிங்காரவேலு எதிர்த் தூணிலும் சாய்ந்திருந்தார்கள். நடுவில் பரணிதரன் நாற்காலியில் இருந்தார். உத்திராபதி நின்றார்.

"ஒரே ஒரு நாளுங்க. பொண்ணு கல்யாணம்ங்க."

பரணிதரன் எழுந்தார். இரண்டு பேர் இருந்தாலும் அவர் எழுந்துதான் பேசுவார்.

"இந்தக் குழுவுக்கு மனிதாபிமானம் உண்டு. அதை நாங்க இதுவரைக்கும் எதுக்கும் எடுத்துச் செலவழிச்சதில்ல. அப்படியே பத்திரமா இருக்கு. ஆனா மரபுன்னு ஒன்னு இருக்கு பாரு. இன்னைக்கு ஒரு கோட்டு கல்யாணத்துக்குப் போனா, நாளைக்கு எல்லாக் கோட்டும் போவும்."

"ஊருக்கு ஒரு கோட்டுதானங்க."

"அதனாலதான் சொல்றேன். இருக்குற ஒன்னயும் விட்டுட்டு நாங்க என்ன செய்வோம்?"

உத்திராபதி மகள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். பழைய துரையோடு பழைய கணக்குத் தீர்ந்தது. புதுத் துரைக்கு ஆயுசுக்கு மட்டும் என்று புதிதாகக் கொடுத்த பட்டம் இது. அதனால் இவருக்குப் புதிதாக ஓர் ஆளைத்தான் வைக்க வேண்டும். பரணிதரன் கண்ணை மூடி, பட்டம் பிறந்த 1726இல் தொடங்கி எல்லாத் துரைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினார்.

"சட்டப்படி அவன் சொல்றது சரி" என்றார்.

"அப்ப புது ஆள வச்சுட்டாப் போவுது" என்றார் ஆண்டவர். "தெக்குக் கரையில நம்ம சிங்காரவேலு வூட்டுப் பசங்க சும்மாதான திரியிறானுவ."

"ஏன், ஒங்க மருமவனுக்குப் போட்டா எடுப்பா இருக்குமே" என்றார் சிங்காரவேலு.

"எங்க வூட்டு ஆம்பள போயி தொப்பியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதா?"

"அதத்தான நானும் கேக்குறேன்."

1870க்குப் பிறகு இரண்டு கரையும் மறுபடி கைகோத்தன. பரணிதரன் தீர்மானத்தை வாசித்தார். பழைய கோட்டுக்கு இன்றோடு பூரண விடுதலை. புதிய கோமகனுக்குப் புதிய பிரதிநிதியை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அவரும் உத்திராபதியே. பதவிக்காலம் ஆயுசு முழுக்க. எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் உத்திராபதியும் ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

வெறுத்துப்போய் ஒரு வார்த்தை கேட்டார். "எல்லையத்தானங்க தாண்டக் கூடாது? அந்த எல்லைக் கல்லப் பேத்து என் டிப்பர்ல ஏத்திக்கிறேன். அரியலூருக்கு அந்தாண்ட ஊனிட்டு, கல்யாணத்த முடிச்சுட்டு, திரும்பக் கொண்டாந்து வச்சிடுறேன்."

அவர் நக்கலாகத்தான் கேட்டார். குழு அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விவாதித்தது. கல்லின் எடை, லாரியின் பாரம், கல்லுக்குப் பூசை எல்லாம் பேசினார்கள். கடைசியில் ஆண்டவர்தான் ஆபத்தைக் கண்டுபிடித்தார். கல் அரியலூருக்கு அப்பால் போனால் செந்துறை நம் ஊருக்குள் வந்துவிடும். செந்துறைக்காரன் பரிவட்டத்தில் பங்கு கேட்பான். அரியலூர்க்காரன் தேரையே கேட்பான். யோசனை தள்ளுபடியானது.

"இந்தா பாரு கோட்டு" என்றார் பரணிதரன், கிளம்பும்போது. "பிரதிநிதின்னா சாதாரணம் இல்ல. கோமகன் எப்படியோ அப்படியே நீ இருக்கணும். அவரு செய்யறதத்தான் நீ செய்யணும். அவரு செய்யாதத நீ செய்யக் கூடாது. அதான் ஒன் கடமை."

காப்புக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ஊரே ஜெயிலானது. கல் ஏற்றும் குவாரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் லாரிச் சாவியைச் சிங்காரவேலு வாங்கி வைத்துக்கொண்டார். பம்புசெட்டில் குளிக்கும்போது கோட்டைக் குச்சியில் மாட்டி, கண் பார்வையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். சாப்பாடு கோட்டோடு, தூக்கம் கோட்டோடு. ராத்திரி புழுக்கத்தில் புரண்டால் காய்ந்த சந்தனம் கழுத்தை அறுக்கும். ரோட்டு முனையில் கோமகன் நற்பணி மன்றத்து இளைஞர்கள் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு, கோட்டு வெளியே போகிறதா என்று முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் கோட்டைப் பார்த்துத்தான் பேசினார்கள், ஒருவர்கூட முகத்தைப் பார்க்கவில்லை. தான் செத்துப்போய், கோட்டு மட்டும் நடமாடுகிறதோ என்று அவருக்கே ஒரு பயம் வந்துவிட்டது.

தேருக்கு முந்தின நாள் அம்சவள்ளியும் மகளும் அரியலூரில் உறவினர் வீட்டில் தங்கக் கிளம்பினார்கள். சத்யப்பிரியா போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. கட்டிலின் மேல் புது வேட்டியும் வெள்ளைச் சட்டையும் தேய்த்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் உத்திராபதி அவற்றை உடுத்திக்கொண்டு, அதற்கு மேல் கோட்டை மாட்டினார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தேரடிக்குப் போனார்.

அங்கே துரைக்கென்று போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். பரணிதரன் மைக்கைப் பிடித்தார். வருஷா வருஷம் பட்டத்தின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் துரையை அழைப்பார். முதன்முதலில் அந்தப் பட்டத்தை வாங்கிய இளவரசரின் அப்பா அம்மாவைச் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அவர் குரலை உயர்த்தினார்.

"பெரியோர்களே! இத்தனை கோமகன்கள் இருந்தார்கள். இதில் ஒருவராவது நம் கொத்தலங்குறிச்சிக்கு வந்ததுண்டா? இல்லை! அதுதான் அவர்களுடைய பெருமை! வந்திருந்தால், நம்மிடம் இந்த மரியாதை அவர்களுக்குக் கிடைத்திருக்குமா?"

ஜனம் கைதட்டியது. உத்திராபதி அந்தப் பேச்சை வருஷா வருஷம் கேட்டிருக்கிறார், ஆனால் அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. பிரதிநிதியின் கடமை பற்றிப் பரணிதரன் மண்டபத்தில் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. மெதுவாகப் பொத்தான்களைக் கழற்றினார். பல வருஷச் சந்தனம் ஏறி விறைத்துப்போன கோட்டு, ஆள் எழுந்த பிறகும் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. தொப்பியை அதன் மேல் வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று காப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

ரோட்டு முனையில் நற்பணி மன்றத்து இளைஞன் ஒருவன் அவரை நிறுத்தினான். உத்திராபதிக்கு உயிரே இல்லை.

"அண்ணே, தேரடியிலேருந்தா வரீங்க? கோட்டு அங்கதான இருக்கு?"

"அங்கதான் தம்பி ஒக்காந்திருக்கு."

"சரி, போங்கண்ணே."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். அந்த பஸ் செந்துறை தாண்டும்போது எங்கள் தேரடியில் பரணிதரன் 1900க்குத்தான் வந்திருந்தார்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சத்யப்பிரியா பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையில் வந்தவரை அவளுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வைகாசியில் அப்பாவை அப்படி அவள் பார்த்ததில்லை. தெரிந்ததும் ஓடிவந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்த மாலைகளை அவரிடம் கொடுத்தாள். அவர் ஒன்றை மகளுக்கும் ஒன்றை மாப்பிள்ளைக்கும் எடுத்துக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. சிங்காரவேலு.

"டேய் கோட்டு! எங்கடா இருக்க? இங்க கோட்டு மட்டும் தனியா ஒக்காந்திருக்கு!"

"அதுக்குத்தானங்க பரிவட்டம். கட்டிடுங்க."

"தொப்பிய எவன்டா தூக்கிப் புடிக்கிறது? தொரையக் கூப்புட்டு முடிச்சாச்சு. ஆண்டவரு என்னயப் பாக்குறாரு, நான் அவரப் பாக்குறேன், ஜனம் எங்க ரெண்டு பேரையும் பாக்குது. தேரு நிக்குதுடா!"

"தொர செய்யறதத்தான் நானும் செய்யணும்னு சாரு சொன்னாருங்க. தொர வரமாட்டாருங்க. அதான் நானும் வரலிங்க."

சிங்காரவேலு போனை வைக்க மறந்துவிட்டார். பின்னால் மைக் கேட்டது, பரணிதரன் குரல்.

"கோட்டு, எங்கிருந்தாலும் தேரடிக்கு வா."

கோட்டு இங்கதான் சார் இருக்கு என்று யாரோ சொன்னார்கள். சிரிப்புச் சத்தம் எழுந்தது. மைக்கை அணைக்காமலேயே பரணிதரன் கேட்டார். "அவன் பேரு என்னய்யா?"

தேரடியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் ஆனது. காலனித் தெருப் பக்கமிருந்து பெண்கள் கூட்டமாகச் சத்தம் போட்டுப் பெயரைச் சொன்னார்கள்.

"உத்திராபதி, தேரடிக்கு வா."

உத்திராபதி போனை ஸ்பீக்கரில் போட்டார். அம்சவள்ளி பக்கத்தில் வந்து நின்றாள். அங்கே தேர் நின்றது, வெயில் ஏறியது. வடம் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

"உத்திராபதி, கொஞ்சம் தேரடிக்கு வாங்க."

அறிவரசன் சிரிப்பை அடக்கப் பார்த்தார். இப்போது பரணிதரன் தொண்டையைச் செருமினார். துரையை அழைக்கும் அதே குரல் வந்தது.

"திரு. உத்திராபதி அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாகத் தேரடிக்கு வருமாறு, விழாக் குழுவின் சார்பிலும் ஊர்ப் பொதுமக்களின் சார்பிலும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். திரு. உத்திராபதி அவர்கள்..."

சத்யப்பிரியா கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஒன்னத்தான் கூப்புடுறாங்க."

"கூப்புடட்டும்மா" என்றார் உத்திராபதி. "போனா நிறுத்திடுவாங்க."